நிலவறையில் தூங்கும் பணம்

பேரளத்துக்குப் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு நெல் அரவை ஆலை. கூடப் பிறந்தவர் ஓர் அக்கா மட்டும். அவர் சிங்கப்பூரில் இருக்கிறார். பிரான்ஸில் குடும்ப ஒயின் தொழிலை நடத்தும் ஒரு பெண்ணைத் தொலைக்காட்சித் தொடரொன்றில் பார்த்தீர்கள். குதிரை, கோட்டை போன்ற வீடு, மாலை விருந்து. அப்படி வாரிசாக வரும் பெண்ணின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும், ஆலையை எடுத்து நடத்த நினைக்கும் உங்களுக்கு அதில் தெரிந்துகொள்ள ஏதாவது உண்டா என்பது உங்கள் கேள்வி.

நான் காரைக்காலில் பிறந்தவள். 1954 நவம்பர் 1 அன்று காரைக்கால் இந்தியாவின் கைக்கு வந்த பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாத குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. அப்படி ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, கணவருக்கு வேலை கிடைத்த ரேன்ஸ் நகரத்துக்குப் போனேன். ஆங்கிலம் படித்தவர்கள் ரீம்ஸ் என்பார்கள். நுரைக்கும் ஒயினான ஷாம்பெயின் பிறக்கும் ஊர். அங்கே ஒரு குடும்ப நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 24 ஆண்டுகள் இருந்தேன். முதலாளி இறந்ததும் அவருடைய மகள் பொறுப்புக்கு வந்ததைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன். அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். இங்கும் அப்படியே சொல்கிறேன்.

அடக்கம் முடிந்த மறு வாரம், 1996இல், மதாம் அலுவலகத்துக்கு வந்தார். வயது 31. கம்பளிச் சட்டையும் கனத்த காலணியும் போட்டிருந்தார். அப்பாவின் நாற்காலியில் உட்காரவில்லை. இருப்புப் பதிவேட்டைக் கேட்டார். "என்னோடு யாராவது கீழே வருகிறீர்களா?" என்றார். மற்றவர்கள் தயங்கினார்கள். நான் போனேன்.

கீழே என்றால் பூமிக்குள். ரேன்ஸ் நகரத்தின் அடியில், வீடு கட்டச் சுண்ணக்கல் வெட்டியெடுத்த பழைய குழிகள் இருக்கின்றன. சில இடங்களில் முப்பது மீட்டர் ஆழம். கோடையோ குளிரோ, உள்ளே 10, 12 டிகிரிதான். ஆறு வாரம் நாங்கள் இருவரும் அந்த ஈரத்தில் வரிசை வரிசையாகப் புட்டிகளை எண்ணினோம். மார்கழி விடியலில் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். பதிவேட்டில் இருந்த எண்ணிக்கைக்கும் கீழே இருந்ததற்கும் வித்தியாசம் வந்தது. களவு ஒன்றும் இல்லை. பல ஆண்டுகளாக உடைந்த புட்டிகளை யாரும் கழித்து எழுதவில்லை, அவ்வளவுதான். ஷாம்பெயின் புட்டிக்குள் ஆறு மடங்கு வளியழுத்தம் அடைபட்டிருக்கிறது; சில புட்டிகள் தாமாகவே வெடித்துவிடும்.

அந்த ஆறு வாரம்தான் மதாமின் உண்மையான பட்டாபிஷேகம் என்று நான் நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் கேள்விக்கான பதிலின் நடுநரம்பு இங்கேதான் இருக்கிறது.

ஷாம்பெயினை அறுவடை செய்த ஆண்டே விற்க முடியாது. புட்டியில் அடைத்தபின் குறைந்தது 15 மாதம் கிடக்க வேண்டும் என்பது சட்டம். ஒரே ஆண்டின் திராட்சையில் செய்து அந்த ஆண்டைச் சீட்டில் போட்டு விற்பது என்றால் 3 ஆண்டுகள். நல்ல பெயர் வைத்திருக்கும் நிறுவனங்கள் அதைவிட அதிகமாகவே வைத்திருக்கும். ஷாம்பெயின் வட்டாரம் முழுவதிலும் 2024இல் விற்றது ஏறத்தாழ 27 கோடிப் புட்டிகள். நிலவறைகளில் தூங்குவதோ நூறு கோடிக்கும் மேல்.

இதில் இன்னொரு சிக்கல். பெயர் பெற்ற நிறுவனங்களுக்குச் சொந்தத் தோட்டம் குறைவு. வட்டாரத்துத் தோட்டங்களில் பத்தில் ஒரு பங்குதான் அவர்கள் கையில். மீதி சுமார் 16,000 சிறு விவசாயிகளுடையது. அவர்களிடம் திராட்சை வாங்க வேண்டும். நான் வேலையை விடும் காலத்தில் கிலோ ஐந்து யூரோவைத் தாண்டியிருந்தது. ஒரு புட்டிக்கு ஒன்றேகால் கிலோ அளவுக்குப் பழம் வேண்டும். அந்தப் பணத்தை ஓராண்டுக்குள் நான்கு தவணைகளில் கொடுத்தாக வேண்டும். கொடுத்த பணம் திரும்புவது மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து. இடையில் வங்கி, தூங்கும் புட்டிகளை ஈடாக வைத்துக்கொண்டு கடன் கொடுக்கும். வட்டி மட்டும் தூங்காது.

உங்களுக்கு இது புதிதாக இருக்காது. பழைய நெல் போட்டு வைக்கும் ஆலைக்காரர் வீட்டுப் பெண் நீங்கள். சம்பா அறுவடையில் வாங்கிய நெல்லை ஓராண்டு குடோனில் வைத்து அரைத்தால் சோறு குழையாது, உதிரி உதிரியாக வரும், விலையும் கூடும். அந்த ஓராண்டும் உங்கள் அப்பாவின் பணம் சாக்குக்குள் கிடக்கிறது. அந்துப்பூச்சி, எலி, கூரை ஒழுகல், வங்கிக்காரர் இருப்புப் பார்க்க வரும் நாள் எல்லாம் அவர் தலையில். அதை மூன்றால், நான்கால் பெருக்கிப் பாருங்கள். மதாமின் வாழ்க்கை உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

அப்பா இறக்கும்போது ஒயின் பெண் வாரிசின் கைக்கு வருவது பணம் அல்ல. விற்கக் கூடாத சரக்கும், கட்டியே ஆக வேண்டிய வரியும், உடன்பிறந்தவர்களின் பங்கும்தான். பிரான்ஸில் தகப்பன் தன் விருப்பப்படி எல்லாவற்றையும் ஒரு பிள்ளைக்கு எழுதிவைத்துவிட முடியாது. ஒரே பிள்ளை என்றால் சொத்தில் பாதியும், இரண்டு பிள்ளைகள் என்றால் மூன்றில் இரண்டும், மூன்றோ அதற்கு மேலோ என்றால் நான்கில் மூன்றும் பிள்ளைகளுக்குச் சமமாகப் போயே தீர வேண்டும். மேல் தட்டில் வாரிசு வரி இன்று 45 விழுக்காடு வரை இருக்கிறது. குடும்பத் தொழிலின் பங்குகளைக் குறிப்பிட்ட காலம் விற்காமல் வைத்திருப்பதாக உறுதி கொடுத்தால் பெரிய கழிவு தரும் ஏற்பாடு 2003இல் வந்தது. துய்த்ரேய் என்ற அமைச்சரின் பெயரால் அதைச் சொல்வார்கள். மதாமின் அப்பா அதற்கு ஏழு ஆண்டுகள் முந்திப் போய்விட்டார்.

மதாமுக்கு ஓர் அண்ணன், ஒரு தங்கை. அண்ணனுக்கு ஆண்டுதோறும் லாபப் பங்கு வந்தால் போதும். தங்கைக்கு வீடு வாங்கப் பணம் வேண்டும். கெட்டவர்கள் என்று சொல்லவே மாட்டேன். இருவரும் எனக்குப் பிரியமானவர்கள். ஆனால் கீழே தூங்குவது அவர்களுக்குப் பணமாகத் தெரிந்தது, மதாமுக்கு நாளைய சரக்காகத் தெரிந்தது. நொத்தேர் அலுவலகத்தில், அதாவது பத்திரமும் பாகப்பிரிவினையும் எழுதும் அதிகாரியின் அலுவலகத்தில், மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்த நாளில் கணக்குப் புத்தகத்தோடு நானும் இருந்தேன். தொடரில் காட்டும் சண்டைகளில் யாரோ கத்துகிறார்கள். அங்கே யாரும் கத்தவில்லை. தங்கை தன் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

2001இல் தங்கையின் பங்கை வாங்க மதாம் முடிவெடுத்தார். சீட்டு ஒட்டாத, பாதி முதிர்ந்த புட்டிகளை ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு விற்பது அந்தத் தொழிலில் உண்டு. அப்படி இருப்பில் ஒரு பகுதியை விற்றுத் தங்கைக்குக் கொடுத்தார். மேஸ்திரி வேண்டாம் என்றார். ஒயினைக் கலந்து உருவாக்கும் தலைமை ஆளைத்தான் மேஸ்திரி என்கிறேன். அறுபது வயதுக்காரர், மதாமைச் சிறு குழந்தையாக இடுப்பில் தூக்கியவர். மதாம் கேட்கவில்லை.

2003 ஏப்ரலில் பனி விழுந்தது. நம் பக்கத்துப் பனி இல்லை. தளிரைச் சுட்டுக் கருக்கும் உறைபனி. தோட்டத்து வரிசைகளுக்கு நடுவே இரவெல்லாம் மெழுகுக் கொப்பரைகளைக் கொளுத்தி வைத்துப் போராடினார்கள். அப்படியும் ஷாம்பெயின் வட்டாரத்தில் பாதி விளைச்சல் போனது. பிறகு வந்த கோடையில் வெயில் கொளுத்தி, ஆகஸ்டிலேயே அறுவடை வந்துவிட்டது. அந்த ஆண்டு அடைத்த புட்டிகள் குறைவு. கைவசம் இருந்த இருப்பையோ இரண்டு ஆண்டுகளுக்கு முன் விற்றாகிவிட்டது. 2006இல், இருபது ஆண்டுகளாக எங்களிடம் வாங்கியவர்களுக்குச் சரக்கு இல்லை என்று கடிதம் எழுதியது நான்தான்.

கடிதங்கள் போன அன்று மதாம் நிலவறைத் தொழிலாளர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, "இது என் தவறு. இவர் வேண்டாம் என்று சொன்னார்" என்று மேஸ்திரியைக் காட்டிச் சொன்னார். வேறு ஒரு சொல் இல்லை. அதுவரை பத்து ஆண்டுகளாக அந்தக் கிழவர் தன் குறிப்பேட்டை மதாமிடம் காட்டியதில்லை. ஆண்டுவாரியாக, எந்த ஊர்த் தோட்டத்துப் பழம் எப்படி முதிர்ந்தது என்று பென்சிலில் எழுதிய குறிப்பேடு. மறுநாள் காலை அது மதாமின் மேசையில் இருந்தது.

இனி மதாமின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை காலைகளில் சுவைக்கும் வேலை. நாற்பது, ஐம்பது கிண்ணங்கள். ஒவ்வொன்றையும் வாயில் வைத்துத் துப்ப வேண்டும். குமிழி வராத அந்தப் புது ஒயின் எலுமிச்சைபோல் புளிக்கும். அந்தப் புளிப்பு பல்லை அரித்து, மதாமால் ஐஸ்கிரீம் சாப்பிட முடியாமல் போனது. ஜூனில் பூ, பூத்து ஏறக்குறைய நூறாம் நாள் அறுவடை. மற்ற மாதங்களில் வங்கி, தோட்டக்காரர்கள் வீட்டுக் கல்யாணம், சாவு, ஏற்றுமதிக் கூட்டம். தோட்டக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தால் அடுத்த ஆண்டு அவர் பழம் வேறு நிறுவனத்துக்குப் போய்விடும். நெல் மண்டி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விருந்துகள் உண்டு, உண்மைதான். அவற்றில் மதாம் நின்றுகொண்டே இருப்பார், சாப்பிட நேரம் இருக்காது.

அறுவடையைப் பற்றி மனம் விட்டு ஒன்று சொல்ல வேண்டும். ஷாம்பெயின் திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி. கொத்து உடையாமல் சாறு பிழியும் ஆலைக்கு வர வேண்டும்; 4,000 கிலோவிலிருந்து 2,550 லிட்டர் சாறுதான் எடுக்கலாம். அதற்காக ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருகிறார்கள். 2023 அறுவடையின்போது, கொடும் வெயிலுக்கு நடுவே, பறிப்பாளர்கள் சிலர் இறந்துபோனார்கள். இந்தச் செய்தியைக் காரைக்காலில் இருந்து படித்தபோது நடவு வயலில் நடு மதியத்தில் குனிந்து நிற்கும் நம் பெண்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். வாரிசாக வருகிறவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய முதல் இடம், ஒப்பந்தக்காரர் கூட்டிவந்த ஆட்கள் படுக்கும் இடம். மதாம் அதைச் செய்வார். எல்லோரும் செய்வதில்லை.

இனி, பெண்கள் இந்தத் தொழிலுக்குள் எப்படி வந்தார்கள் என்ற பழைய கதை. 1804இல் வந்த நெப்போலியன் சட்டத்தில் மனைவி கணவனின் அனுமதி இல்லாமல் ஒப்பந்தம் போட முடியாது. விதவைக்கு அந்தத் தடை இல்லை. ரேன்ஸில் பார்ப்-நிக்கோல் கிளிக்கோ என்ற பெண் 1805இல், 27 வயதில், கணவனை இழந்தார். கையில் ஒரே பெண் குழந்தை. மாமனாரிடம் போய்த் தொழிலைக் கேட்டார். அவர் கொடுத்தார், ஆனால் அனுபவமுள்ள ஒரு வணிகரோடு நான்கு ஆண்டுகள் கூட்டாக நடத்தச் சொன்னார். 1810இல் அந்தக் கூட்டு முடிந்து தனியாக நின்றார். 1814இல் போர் ஓய்ந்து கடல்வழி ஒழுங்காகத் திறப்பதற்கு முன்பே 10,550 புட்டிகளைக் கப்பலேற்றி ரஷ்யச் சந்தையைப் பிடித்தார். புட்டியின் அடியில் தங்கும் கசடைக் கழுத்துக்கு இறக்க, துளை போட்ட மேசையில் புட்டிகளைத் தலைகீழாக நிறுத்தித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும் முறை 1816இல் அவர் நிலவறையில் பிறந்தது. புட்டிச் சீட்டில் இன்றும் "வெவ்" என்று இருக்கிறது; விதவை என்று பொருள். விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குள் திரும்பிய ஊர்களில் வளர்ந்தவள் நான். அந்தச் சொல்லைப் பெருமையாகப் பொறித்த சீட்டை முதன்முதலில் பார்த்த அன்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பாட்டி வெள்ளைப் புடவையில் இருந்தார்.

ஆனால் அந்தக் கதையின் கடைசிப் பகுதியை யாரும் சொல்வதில்லை. கிளிக்கோ அம்மையார் தொழிலைத் தன் மகளிடம் கொடுக்கவில்லை. மகளை ஒரு பிரபுவுக்குக் கட்டிக்கொடுத்தார், மாப்பிள்ளை செலவாளி. நிறுவனம் போய்ச் சேர்ந்தது எத்வார் வெர்லே என்ற ஊழியரிடம். 1831இலேயே அவரைக் கூட்டாளி ஆக்கியிருந்தார். ஆயி என்ற ஊரில் லில்லி பொல்லாஞ்சே 1941இல், ஜெர்மானியர் பிடியில் வட்டாரம் இருந்தபோது, விதவையாகி, கணவரின் ஷாம்பெயின் நிறுவனத்துக்குப் பொறுப்பேற்று 1971 வரை நடத்தினார். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் தோட்டங்களைச் சைக்கிளில் சுற்றினார். பிள்ளைகள் இல்லை, உடன்பிறந்தவர் பிள்ளைகளின் தலைமுறைக்குத் தொழில் போனது. மகள் என்ற உரிமையில் பெண்கள் வரத் தொடங்கியது நெடுங்காலம் கழித்துத்தான். இன்னொரு ஒயின் வட்டாரமான பொர்தோவில் ஷத்தோ மார்கோ என்ற ஒயின் தோட்டத்தை 1977இல் வாங்கிய தகப்பன் 1980இல் இறந்ததும், கொரின் மெந்த்ஸெலோபூலோஸ் 27 வயதில் பொறுப்பேற்றார். பிரெஞ்சுப் பெண் கணவன் கையெழுத்து இல்லாமல் வங்கிக் கணக்குத் தொடங்கும் உரிமையே 1965இல்தான் வந்தது.

இதைச் சொல்லும்போது எங்கள் காரைக்காலையும் சொல்ல வேண்டும். 1881 ஆணைப்படித் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களை ரெனோன்சான் என்பார்கள். என் மாமியார் குடும்பம் அப்படிப்பட்டது. அரசலாற்றின் கரையில், ஒரே தெருவில், ஒரு வீட்டில் மகளுக்குச் சமபங்கு, பக்கத்து வீட்டில் மகளுக்குச் சீர்வரிசை மட்டும் என்று இருந்தது.

என் அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது, "சாராயக் கணக்கா எழுதுகிறாய்?" என்று கடிதம் போட்டார். எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுக் காரைக்கால் வீதியோரம் கிடக்கும் ஆண்களைப் பார்த்து வளர்ந்த ஊர் எங்களுடையது. டெல்டாவில் எத்தனை வீடுகளின் அடுப்பை மது அணைத்திருக்கிறது என்று எனக்கும் தெரியும். அந்தக் கேள்வி 24 ஆண்டுகளும் என்னோடு இருந்தது. மதாமிடம் ஒருமுறை சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை; "என் மாமா குடித்தே செத்தார்" என்றார். உங்கள் கையில் இருப்பது அரிசி. அந்தச் சுமை உங்களுக்கு இல்லை, அதை நினைத்துச் சந்தோஷப்படுகிறேன்.

உங்கள் ஆலைக்கு வருவோம். மாப்பிள்ளை வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் என்றால், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. தமிழ்நாடு இதை 1989இலேயே கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. திருத்தம் வந்தபோது தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. ஆலை அப்பாவின் சுய சம்பாத்தியம் என்றால் கதை வேறு: அவர் உயில் எழுதலாம், எழுதாவிட்டால் அம்மாவுக்கும் உங்களுக்கும் அக்காவுக்கும், அப்பத்தா இருந்தால் அவருக்கும், சமபங்கு. எது பூர்வீகம், எது சம்பாத்தியம் என்பதைப் பத்திரங்களை வைத்து வழக்கறிஞரிடம் இப்போதே கேளுங்கள், அப்பா நன்றாக இருக்கும்போதே.

அக்காவிடம் அதற்கு முன்பே பேசுங்கள். அவருக்கு என்ன வேண்டும், எப்போது வேண்டும், ஆலையில் தூங்கும் நெல் அவர் கண்ணுக்குப் பணமா சரக்கா என்று கேளுங்கள். மதாம் இந்தப் பேச்சை அப்பா இருக்கும்போதே பேசியிருந்தால் 2001இல் அவசரமாக விற்றிருக்க மாட்டார். இதை அவரே என்னிடம் சொன்னார்.

அவிக்கும் தொட்டியருகே எத்தனை நாள் நின்றிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. களத்தில் காயும் நெல்லைக் கடித்துப் பார்த்து, இன்னும் எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று சொல்லத் தெரியுமா? ஆலையில் மூத்த மேஸ்திரி இருந்தால் வரும் சம்பா முழுவதும் அவர் கூடவே நில்லுங்கள். கேள்வி கேளுங்கள், உத்தரவு போட வேண்டாம்.

அதற்கும் முன்னால், குடோனில் உள்ள மூட்டைகளை நீங்களே எண்ணுங்கள். கணக்கப்பிள்ளை சொன்ன எண்ணை எழுதிக்கொள்ள வேண்டாம். எண்ணி முடித்ததும் அப்பாவின் இருப்புப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு காரைக்காலுக்கு வாருங்கள், பேரளத்திலிருந்து பக்கம்தானே. இரண்டு எண்ணையும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.